கூர்ப்பு மாஸ்ரரின் விரால்

2022ஆம் ஆண்டு யூலை மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணியளவில், ஜெர்மனியின் ஹம் நகரத்துக் கால்வாயோரத் தோட்டச் சங்கத்தின் முப்பத்தேழாம் துண்டுக் காணியில், மூன்று வருடமாக உறைந்து கிடந்த ஒரு விரால் மீன் வாளியை விட்டு இறங்கி, மரப்படிகள் மூன்றையும் ஒவ்வொன்றாக ஏறி, குடிலின் கதவில் தலையால் இரண்டு தரம் தட்டியது. அந்தக் கிழமை ஹம்மில் தக்காளி கிலோ ஒரு யூரோ தொண்ணூற்றொன்பது சதம். வெண்டைக்காய் வந்திருக்கவில்லை. மழை பெய்து முப்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

விராலைக் கொண்டுவந்தவன் அந்தத் துண்டுக்காரரான சோதிலிங்கம், கமலநாயகி தம்பதியின் மகன் பிருந்தன். ஹம்பேர்க்கில் பெரிய ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் வாங்கி, குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அன்றே திரும்பிவிட்டான். இந்தக் கதையில் அவனுக்கு வேறு வேலை இல்லை. பொதியின் மேல் மீன் பிடித்த திகதியும் உறையவைத்த திகதியும் அச்சிட்டிருந்தன, இரண்டும் கொரோனாவுக்கு முந்தியவை. கமலநாயகி மீனை வீட்டில் சமைப்பதில்லை. அவர் மீன் பொரித்த நாட்களில் மேல்மாடிக்காரர் ஜன்னலை அடித்துச் சாத்திய சாத்தில் சுவரிலிருந்த முருகன் படம் நாலு தரம் விழுந்து, ஐந்தாம் தரம் தானாகவே இறங்கிச் சோபாவில் உட்கார்ந்துகொண்டது என்று ஹம்மில் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் குடும்பம் தோட்டம் எடுத்தது. மற்றவர்கள் பூவுக்காகவும் புல்லுக்காகவும் எடுக்கிற தோட்டத்தை அவர்கள் மீன் பொரிப்பதற்காக எடுத்தார்கள். பொரிக்கிற அடுப்புக்கும் மேசைக்கும் விட்ட இடம் கொஞ்சம் கூடிவிட்டதால், காணியில் மூன்றிலொரு பங்கு காய்கறியாகவோ பழமாகவோ இருக்கவேண்டும் என்ற சங்கத்து விதியில் அவர்களுக்கு வருடாவருடம் அரைச் சதுர மீட்டர் குறைந்தது. வருடாவருடம் அதற்கு ஒரு கடிதமும் வந்தது.

கதவைத் திறந்த கமலநாயகியின் கையில் கத்தி இருந்தது. அவர் கீழே பார்த்தார். விரால் மேலே பார்த்தது.

"இஞ்சேருங்கோ," என்று உள்ளே திரும்பிச் சொன்னார், "இண்டைக்கு மரக்கறிதான்."

"ஏன், மீன் பழுதே?"

"மீன் முழிச்சிட்டுது. கண் முழிச்சுப் பாக்கிறதை நான் வெட்டமாட்டன்."

உள்ளேயிருந்து எழுந்து வந்த சோதிலிங்கம் படிகளைப் பார்த்தார். மூன்றிலும் ஈரத்தடம் இருந்தது, கீழிருந்து மேலாக. அவருக்கு அறுபத்தெட்டு வயது. அந்த நிமிடத்தில் அவருடைய முழங்கால் வலி நின்றது, இன்றுவரை திரும்பவில்லை.

ஹம்மில் அவரைச் சோதி மாஸ்ரர் என்பார்கள், காணாத இடத்தில் கூர்ப்பு மாஸ்ரர் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் பதினொரு மாதம் உயிரியல் படிப்பித்தவர். இலங்கைப் பாடப்புத்தகத்தில் உயிர்கள் காலங்காலமாக மாறிவருவதற்குக் கூர்ப்பு என்று பெயர். பென்சில் சீவுவதுபோல இயற்கை எல்லா உயிரையும் சீவிச் சீவிக் கடைசியில் மனிதன் என்கிற முனைக்குக் கொண்டுவந்தது என்று அந்தச் சொல்லே ஆளை நம்பவைத்துவிடும். 1984இல் ஒரு வியாழக்கிழமை அவர் கரும்பலகையில் ஓர் ஏணி கீறினார். கீழ்ப்படியில் மீன், அதற்கு மேல் தவளை, ஓணான், எலி, குரங்கு. குரங்கின் வாலைக் கீறி முடித்தபோது வெடிச்சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் மூடப்பட்டது. மேல்படிக்கு மனிதன் வரவேயில்லை. அடுத்த வருடம் மாஸ்ரரும் அங்கே இல்லை.

ஜெர்மனியில் மூன்று வருடம் அவருடைய கையிலிருந்த அகதிக் கடதாசியில் 'பொறுத்துக்கொள்ளப்படுகிறார்' என்று எழுதியிருந்தது. பிறகு ஒரு கம்பித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம், பெரிய உருளைகளிலிருந்து கம்பியைச் சுருள் அவிழ்த்து வெட்டும் இயந்திரத்தில் நின்றார். கோயில் திருவிழாக்களில் யாராவது, "இவர் ஊரில பெரிய மாஸ்ரர்" என்று அறிமுகப்படுத்தினால், கம்பி கீறிய கைகளைச் சால்வைக்குள் விட்டுக்கொள்வார். உலகமெல்லாம் மேலே ஏறிக்கொண்டிருக்கத் தான் மட்டும் இரண்டு படி சறுக்கியவர் என்பது அவருடைய எண்ணம். யாரிடமும் சொன்னதில்லை. ஆனபடியால் கமலநாயகிக்கு மட்டும்தான் தெரியும்.

விரால் படிப்படியாக வேலையைத் தொடங்கியது. முதல் கிழமையில் அதை விட்டிருந்த மழைநீர்ப் பீப்பாய் அடிவரை வற்றியது. விராலுக்கு நெஞ்சு அகன்று மூச்சு வந்தது, செட்டைகள் தடித்து நாலு காலாயின. ஓகஸ்ட் நடுவில் குளவி பெருகியது. பிளம்ஸ் கேக்கை வெளியே வைத்தால் கேக்கைக் காண முடியாது, குளவியைத்தான் காணலாம். விராலுக்கு ஒரு மீட்டர் நாற்பது சென்ரிமீட்டரில் நாக்கு வந்தது. முப்பத்தாறாம் துண்டிலிருந்தும் முப்பத்தெட்டாம் துண்டிலிருந்தும் ஆட்கள் கேக்கோடும் கோப்பியோடும் வந்து அதன் பக்கத்தில் உட்கார இடம் பிடித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில் அது ஆயிரத்து நானூறு குளவி பிடித்ததாகக் கணக்கு. ஓகஸ்ட் கடைசியில் பிளம்ஸ் உச்சிக்கிளையில் பழுத்தது. கையும் பெருவிரலும் வந்தன. செப்டெம்பரில் காலைகள் குளிர்ந்தன; உடம்பெல்லாம் மயிர் வந்தது. மாஸ்ரர் பழைய சாமான் கடையில் ஒரு கரும்பலகை வாங்கி, குடிலின் வெளிச்சுவரில் மாட்டி, அதே ஏணியைத் திரும்பக் கீறினார். அது ஒவ்வொரு படியாகத் தாண்டத் தாண்டச் சரி போட்டுக்கொண்டு வந்தார். தவளை, சரி. ஓணான், சரி. எலிக்குப் பக்கத்தில் இரண்டு சரி போட்டார், மகிழ்ச்சியில்.

இந்த இடத்தில் ஃபிராவ் ஹோல்ட்காம்ப் வந்தார். அவர்தான் சங்கத்தின் தலைவி. எழுபத்து நாலு வயது, கையில் எப்போதும் மடக்கு அளவுகோல். சிலர் சங்கீதத்தில் உருகுவதுபோல விதிகளில் உருகுகிறவர். அநியாயம் செய்கிற ஆள் இல்லை. விலங்கு வளர்க்க விதியில் இடமில்லை, விருந்தாளி தங்க இடமுண்டு என்று இரண்டு பிரிவுகளையும் வாசித்துக் காட்டினார். ஒக்டோபர் பதினைந்தாம் திகதி வருடாந்தப் பார்வையிடல். அன்றைக்கு இது விலங்காக இருந்தால் விலங்குக் காப்பகத்துக்குப் போகவேண்டும். விருந்தாளியாக இருந்தால் இருக்கலாம். இது என்ன? சோதிலிங்கம் யோசித்துவிட்டு, இன்னும் முடியவில்லை என்று ஜெர்மனில் சொன்னார். ஃபிராவ் ஹோல்ட்காம்புக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. 'என்ட்விக்லுங் நடைபெறுகிறது' என்று குறிப்பேட்டில் எழுதிப் பிரதியைக் கொடுத்துவிட்டுப் போனார். என்ட்விக்லுங் என்றால் ஜெர்மனில் வளர்ச்சி.

கமலநாயகி அந்தப் பிரதியைக் கண்ணாடி போட்டு வாசித்தார். அவர் இருபத்திரண்டு வருடம் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்தவர். அங்கே விக்கெல்ன் என்றால் ஒன்றே ஒன்றுதான்.

"விக்கெல்ன் எண்டா பிள்ளைக்கு நப்பித் துணி சுத்திறது. அப்ப என்ட்விக்லுங் எண்டா நப்பி கழட்டுறதோ?"

"உமக்கு எல்லாம் பகிடி. சுத்தினதை அவிழ்க்கிறது எண்டுதான் அந்தச் சொல்லுக்கு அடி. பேந்து வளர்ச்சி எண்டு ஆயிட்டுது."

"அதைத்தானே நானும் சொன்னனான். அவிழ்த்தா உள்ளுக்கை என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்!"

யாரோ எடுத்த வீடியோ மியூனிக் வரை போனது. அங்கே கார் கம்பனி ஒன்றில் மென்பொருள் எழுதுகிற ஜெயகாந்த், சொந்த ஊர் கோயம்புத்தூர், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஆறு மணி நேரம் ரயிலேறி வந்தான். உயரம், எடை, மூளையின் பருமன் எல்லாவற்றையும் அளந்து ஒரு வரைபடம் போட்டான். கோடு இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு ராக்கெட்போல ஏறியது. மனிதன் என்ற இடத்தைத் தாண்டியும் புள்ளி புள்ளியாக மேலே போய்க்கொண்டிருந்தது. அந்தப் புள்ளிகளின் முடிவில் என்ன வரும் என்று கேட்டால் கோயிலில் நிற்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

"இது பரிணாம வளர்ச்சி சார். நம்ம கண்ணு முன்னாடி லைவ்வா நடக்குது. இப்ப வெர்ஷன் ஃபைவ்."

"கூர்ப்பு எண்டு சொல்லுங்கோ தம்பி."

"கூர்ப்பா? அது என்ன சார், கத்தி தீட்டுற மாதிரி?"

"உங்கடை வளர்ச்சி மட்டும் என்னவாம்? மரவள்ளிக் கிழங்கோ?"

"ரெண்டுக்கும் ஒரே மீனிங்தான் சார். மேல போகுதுல்ல?"

"ஓம், அது சரி. மேலதான் போகுது."

பாத்திரத்தோடு குடிலை விட்டு வெளியே வந்த கமலநாயகி இருவரையும் பார்த்தார். "ஒராள் கூருது எண்டுறார், மற்றாள் வளருது எண்டுறார். அது அரை மணித்தியாலமாப் பசியில நிக்குது. தள்ளுங்கோ." பிறகு சோற்றுக் கோப்பையை வழமைபோலத் தரையில் வைக்காமல் மேசையில் வைத்தார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அன்றைக்கு அவருக்கு இடுப்புப் பிடித்திருந்தது, குனிய ஏலவில்லை. அது மேசையைப் பார்த்தது. இரண்டு கையையும் மேசை விளிம்பில் வைத்து எழுந்து நின்று சாப்பிட்டது. மூன்று நாளில் அது நிமிர்ந்து நடந்தது, ஐந்தாம் நாள் மயிர் உதிர்ந்தது, செப்டெம்பர் இருபதாம் திகதி காலையில் அது மனிதனாக இருந்தது.

பார்ப்பதற்கு, தெரியாத ஸ்டேஷனில் இறங்கிய பயணிபோல இருப்பான். கறுப்பும் இல்லை வெள்ளையும் இல்லை, நல்ல தேத்தண்ணி நிறம். மாஸ்ரர் தன்னுடைய கம்பித் தொழிற்சாலை நீலச் சட்டையை அவனுக்குப் போட்டு, பித்தான்களைத் தானே பூட்டிவிட்டார். பேச்சு அதிகம் இல்லை. எது கேட்டாலும் "ஓம்" என்பான், ஆனால் அந்த ஓமை இருபத்தாறு விதமாகச் சொல்லுவான், கேட்டவர்கள் எல்லாரும் தங்களுக்கு விளங்கிவிட்டது என்று திருப்தியோடு போவார்கள். டோர்ட்முண்ட்டிலிருந்தும் மூன்ஸ்டரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், இரண்டு பஸ் என்றும் ஒன்பது பஸ் என்றும் இரண்டு விதமாகச் சொல்லுகிறார்கள், ஒன்பது என்று வைத்துக்கொள்வது நல்லது. எல்லோருக்கும் முன்னால் மாஸ்ரர் சோக்கட்டியை எடுத்து, முப்பத்தெட்டு வருடமாக வெறுமையாக இருந்த மேல்படியில் மனிதனைக் கீறினார். சரியும் போட்டார். ஜெயகாந்த் கை தட்டினான். ஃபிராவ் ஹோல்ட்காம்ப் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, விருந்தாளி என்ற பத்தியில் ஒன்று என்று பென்சிலால் எழுதினார். பேனாவால் எழுதுவது பதினைந்தாம் திகதிதான்.

மனிதனான மூன்றாம் நாள் அவனுக்கு இடுப்புவலி வந்தது. நாலாம் நாள் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பெயர் தெரியாத காரணத்தால் 'திரு. முப்பத்தேழாம் துண்டு' என்று விலாசமிட்டு, வாழ்நாள் முழுவதற்குமான வரி இலக்கத்தைத் தந்து, பிறந்த திகதியைப் பதினான்கு நாளுக்குள் அறிவிக்கும்படி கேட்டிருந்தது. நாலு சிறு கட்டங்கள் வருடத்துக்கு. நாற்பது கோடி வருடத்துக்கு முந்திய திகதியை அதற்குள் எழுத ஏலாது. அவன் மர வாங்கில் உட்கார்ந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கடிதத்தை இரண்டு மணி நேரம் வாசித்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். மேற்கே கறுத்திருந்தது. அன்று பின்னேரம், தொண்ணூறு நாளுக்குப் பிறகு, மழை தொடங்கியது. அடுத்த நாள் காலையில் அவனுடைய வலது காதுக்குப் பின்னால் ஒரு செதில் இருந்தது, ஐந்து சதக் காசின் அளவு.

மழை பதினொரு நாள் நிற்கவில்லை. கால்வாயில் போன சரக்குப் படகுக்காரர் வழி தவறி இருபத்தோராம் துண்டின் ஸ்ட்ரோபெரிப் பாத்திக்குள் வந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். விரல்களுக்கு நடுவில் சவ்வு வந்தது. மியூனிக்கிலிருந்து ஜெயகாந்த் போனில் அலறினான்: "சார், ரோல்பேக் ஆகுது சார்! ஏதாவது பண்ணுங்க!" மாஸ்ரர் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார். அவனைக் குடிலுக்குள் வைத்துக் கதவைப் பூட்டினார். வெப்பமூட்டியை வைத்தார். துவாயால் துடைத்தார். வெளியே போகவேண்டி வந்தால் இரண்டு குடை பிடித்தார். "குட்டன் ராக் எண்டு வணக்கம் சொல்லு பாப்பம்" என்று மணிக்கணக்காகக் கெஞ்சினார். பதினைந்தாம் திகதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். மனிதனாக இருந்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் கம்பிக்கூடு. இது அவருக்கு விதியால் வந்த பயம் மட்டுமில்லை. அவன் ஒரு படி இறங்க இறங்க, அவருக்குத் தன்னுடைய இரண்டு படியும் திரும்பக் காலுக்குக் கீழே வழுக்கியது.

ஒக்டோபர் மூன்றாம் திகதி, திங்கட்கிழமை, விடுமுறை நாள். மதியம் கமலநாயகி சோற்றோடு வந்து குடிலைத் திறந்தபோது உள்ளே அடுப்புச் சூடு. அவன் நீலச் சட்டையோடு மூலையில் சாய்ந்திருந்தான். கழுத்தின் இரண்டு பக்கமும் செவுள் திறந்து திறந்து மூடியது, அதற்குப் போக வெறும் சூட்டுக் காற்றுத்தான் இருந்தது. உதடு வெளுத்திருந்தது. மாஸ்ரர் பக்கத்தில் துவாயோடு நின்றார்.

"இஞ்சேருங்கோ, அது மூச்சுக்கு முட்டுப்படுது."

"இன்னும் பன்னிரண்டு நாள்தான், கமலம். பேந்து அது என்னவாலும் ஆகட்டும்."

"பன்னிரண்டு நாள் மூச்சு விடாமல் இருந்து பாத்தனீங்களே?"

"கீழ இறங்குது, உமக்கு விளங்கேல்லையே? இவ்வளவு தூரம் ஏறி வந்திட்டு!"

"எங்க ஏறினது?" கமலநாயகி சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு விரல் மடித்தார். "தண்ணி வத்தினது, மூச்சு வந்தது. குளவி வந்தது, நாக்கு வந்தது. பழம் மேல இருந்தது, கை வந்தது. குளிர் வந்தது, மயிர் வந்தது. எனக்கு இடுப்புப் பிடிச்சது, அது எழும்பி நிண்டது. இப்ப மழை. அண்டைக்கு அண்டைக்கு உள்ள பாட்டை அது பாக்குது. ஏணி நீங்கள் கீறினது. அது கீறச் சொல்லிக் கேட்டதே?"

மழை தகரத்தில் விழுந்தது. மாஸ்ரர், கேட்கவே கூடாது என்று முப்பத்தேழு வருடமாக வைத்திருந்த கேள்வியை, துவாயைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப நான்?"

"நீங்களென்ன? அங்க பள்ளிக்கூடம் இருந்தது, மாஸ்ரர். இஞ்ச கம்பி இருந்தது, கம்பிக்காரன். முப்பத்தொரு வருசத்தில ஒரு விரல் போகாமல் பத்தும் கொண்டந்தனீங்கள். உங்களோட நிண்டவையில எத்தினை பேருக்குப் பத்தும் கிடக்கு? அதைவிடக் கெட்டிக்காரத்தனம் வேறை என்ன வேணும்? விசர்க் கதை கதையாமல் அந்தச் சட்டையைக் கழட்டுங்கோ."

மாஸ்ரர் தன் கைகளைப் பார்த்தார். பத்தும் இருந்தன. முப்பத்தொரு வருடமாக உருளையிலிருந்து அவிழ்ந்து வந்த கம்பி அவருடைய மனதில் ஓடியது. ஒரு நாளைக்கு நாலு கிலோமீட்டர் அவிழும். அவிழ்ந்த கம்பியில் எது மேல், எது கீழ் என்று ஒரு போர்மனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். கம்பி போகும், அவ்வளவுதான். அவர் குனிந்து, தான் பூட்டிய பித்தான்களைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றினார். கதவை அகலத் திறந்து, அவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய், நிரம்பி வழிந்துகொண்டிருந்த மழைநீர்ப் பீப்பாய்க்குள் இறக்கினார். தலை உள்ளே போகும்போது "ஓம்" என்று ஒரு சத்தம் கேட்டது. இருபத்தேழாவது விதம். அதைக் கேட்ட மாஸ்ரருக்குக் கண் நிறைந்தது. மழை என்று சொல்லிச் சமாளித்தார், கமலநாயகி நம்பியதாகக் காட்டிக்கொண்டார். விலங்குக் காப்பகத்துக்குப் பிடித்துக்கொண்டு போனாலும் மூச்சோடு போகட்டும் என்று மாஸ்ரர் முடிவெடுத்திருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை முப்பத்தாறும் முப்பத்தெட்டும் சாட்சி சொல்லும். மழை நின்றது. நாலாம் நாள் அது பீப்பாயை விட்டு இறங்கி, ஃபிராவ் ஹோல்ட்காம்ப் அடிக்கடி நின்று அளக்கிற இடத்துக்குப் போய், அடுப்புக்கும் பயற்றங்காய்ப் பாத்திக்கும் நடுவில், அந்த அரைச் சதுர மீட்டரில் உட்கார்ந்தது. காலைக் கீழே விட்டது, கால் வேராயிற்று. கையை மேலே விட்டது, கை கிளையாயிற்று. மூளையை என்ன செய்தது என்று தெரியவில்லை, வெட்டியெறிந்த சட்டைப் பித்தான்போலத் தேவையில்லை என்று விட்டிருக்கலாம். கண்கள் கடைசியாக மூடி இரண்டு மொட்டாயின. தோட்டமே மூச்சுப் பிடித்துப் பார்த்தது. மனிதனாகிக் காட்டியதைவிட இதற்குத்தான் கூடுதலான ஆட்கள் வந்தார்கள்.

பதினைந்தாம் திகதி சனிக்கிழமை, காலை ஒன்பதரைக்கு ஃபிராவ் ஹோல்ட்காம்ப் இரண்டு அங்கத்தவர்களோடு வந்தார். மடக்கு அளவுகோலை விரித்தார். உயரம் ஒரு மீட்டர் இருபத்திரண்டு. விதி ஒன்று இருபத்தைந்து வரை விடும். வேலியிலிருந்து தூரம் அறுபது சென்ரிமீட்டர். விதி கேட்பது ஐம்பது. இலையைக் கிள்ளி முகர்ந்தார். கொத்தமல்லி மணமும் மிக மெல்லிய மீன் மணமும் வந்தன. சாப்பிடலாமா என்று கேட்டார்.

"வறுக்கலாம், தேங்காய்ப்பூ போட்டு," என்று கமலநாயகி தமிழில் சொன்னதை மாஸ்ரர் மொழிபெயர்த்தார்.

ஃபிராவ் ஹோல்ட்காம்ப் காய்கறிப் பத்தியில் அரைச் சதுர மீட்டரைக் கூட்டினார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தரமாக முப்பத்தேழாம் துண்டு மூன்றிலொன்றைத் தொட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் கூட்டிப் பார்த்தார். பிறகு பென்சிலால் எழுதிய விருந்தாளியைத் தேடி, அவருடைய என்ட்விக்லுங் என்னவாயிற்று, முன்னுக்குப் போனாரா பின்னுக்குப் போனாரா என்று மாஸ்ரரிடம் கேட்டார். அதற்கும் ஒரு பத்தி இருந்தது.

மாஸ்ரர் செடியைப் பார்த்தார், கமலநாயகியைப் பார்த்தார். "அன்டர்ஸ்," என்றார். வேறுமாதிரி.

ஃபிராவ் ஹோல்ட்காம்ப் முன்னுக்கு, பின்னுக்கு என்ற இரண்டு கட்டங்களையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் நடுவிலிருந்த வெறுமையில் ஒரு சரி போட்டார். அவருடைய நாற்பது வருடப் பதவிக்காலத்தில் கட்டத்துக்கு வெளியே போட்ட ஒரே சரி அதுதான்.

அந்த வருடத்திலிருந்து அது அப்படியே. யூலைக் கடைசியில் இலை உதிர்த்து, வேரைக் கழற்றி, ஒரு கிழமை பீப்பாயில் நீந்தும். பிறகு வருடம் எப்படியோ அப்படி. 2023இல் ஓயாத மழை. தேரைக்கு மேல் போகவில்லை, போகவேண்டிய அவசியமும் அதற்கு இருக்கவில்லை. 2024இல் ஓடில்லாத நத்தைகள் சங்கம் முழுவதையும் தின்றன. முள்ளம்பன்றிபோல ஒன்றாகி, ஒரு இரவுக்கு இரண்டு வாளி நத்தை சாப்பிட்டு நாற்பத்தெட்டுத் துண்டுகளையும் காப்பாற்றியது. 2025இல் செட்டை முளைத்துக் கால்வாய்க்கு மேலால் பறந்து பார்த்தது, மூன்று நாளில் அலுத்துவிட்டது. என்னவானாலும் ஒக்டோபர் பதினைந்துக்கு அது ஒன்று இருபத்தைந்துக்கு உட்பட்ட காய்கறி. ஜெயகாந்த் வருடாவருடம் விடுமுறை எடுத்து வருகிறான். கோடு இப்போது ஏறுவதுமில்லை இறங்குவதுமில்லை, பிள்ளை பென்சிலை எடுத்துக் கிறுக்கியதுபோல எல்லாப் பக்கமும் போகிறது. அப்படி ஒரு அழகான வரைபடம் தன்னுடைய கம்பனியில் ஒருவரிடமும் இல்லை என்கிறான். கூர்ப்பு, வளர்ச்சி என்ற சண்டை இன்னும் உண்டு, ஆனால் கேக் முடிந்த பிறகுதான். வரிக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. கமலநாயகி அவற்றைப் பொரித்த மீனின் எண்ணெய் வடிக்க வைத்திருக்கிறார்.

கரும்பலகை குடிலின் சுவரில்தான் இருக்கிறது. மாஸ்ரர் ஏணியை அழிக்கவில்லை. பலகையைக் கழற்றிப் படுக்கைவாட்டில் திருப்பி மாட்டினார், அவ்வளவுதான். இப்போது பார்த்தால் ஏணி தண்டவாளமாக இருக்கிறது; மீனும் தவளையும் ஓணானும் எலியும் குரங்கும் மனிதனும் ஒரே ரயிலுக்குக் காத்திருப்பவர்கள்போல வரிசையில் கிடக்கிறார்கள். திருவிழாவில் யாராவது அறிமுகப்படுத்தினால், "மாஸ்ரர், பேந்து கம்பிக்காரன், இப்ப கீரைக்காரன்," என்று பத்து விரலையும் விரித்துக் காட்டுகிறார்.

இந்த வருடம் தக்காளி கிலோ இரண்டு யூரோ நாற்பத்தொன்பது. வெண்டைக்காய் வந்துவிட்டது. யூலைக் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மாஸ்ரர் படிகளுக்கு எண்ணெய் பூசிவிட்டு உள்ளே பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தபோது, கதவில் இரண்டு தரம் தட்டுக் கேட்டது. கமலநாயகி மேசையில் இன்னொரு கோப்பை வைத்தார், தரையில் ஒன்றும் வைத்தார், எது வேண்டுமோ அது எடுக்கட்டும் என்று.

"திறந்துதான் கிடக்கு," என்றார். "வா."